அசையாத் தீவு

ஒரே ஒரு கடலில் ஒரே ஒரு தீவு இருந்தது. எந்தக் கடல் என்று கேட்காதீர்கள். கேட்டால் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவேன்.

அந்தத் தீவில் அடிக்கடி நிலம் ஆடும். தீவுக்கு அடியில் ஒருத்தன் நின்றுகொண்டு அதைத் தோளில் சுமக்கிறான் என்று அந்த ஊர் ஜனம் நம்பியது. சாமி பல்லக்குத் தூக்குகிறவன் வலி பொறுக்காமல் தோள் மாற்றுவான் இல்லையா, அந்த மாதிரி அவனும் மாற்றுவான். மாற்றும்போது தீவு ஆடும். மேலே ஆள் இருக்கிறது மறந்துபோய்ப் பொத்தென்று போட்டுவிட்டால்? அதனால் நிலம் ஆடினால் போதும், அடுப்படியில் இருப்பவள் அடுப்படியிலிருந்து, மரத்தில் இருப்பவன் மரத்திலிருந்து, தொட்டில் ஆட்டுகிறவள் தொட்டிலைப் பிடித்தபடி, "இருக்கோம்! இருக்கோம்! இருக்கோம்!" என்று கத்துவார்கள்.

கீழே இருக்கிறவனுக்குக் கேட்டதா? எனக்கென்ன தெரியும். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேட்கும். எந்த வீட்டிலிருந்து சத்தம் வரவில்லையோ அந்த வீட்டுக்கு ஓடுவார்கள். மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டிய வீடு. சரிந்து கிடந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். யாரும் சாகமாட்டார்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே போய் வேலையைப் பார்ப்பார்கள்.

அந்தத் தீவில் கொழுந்தாயி என்று ஒருத்தி. கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிறவள். புருஷன் கடலுக்குப் போனான், வரவில்லை. ஒரே மகள். முத்துப்பேச்சி என்று பேர். பேருக்கு ஏற்றபடி வாய் ஓயாது. காக்கையோடு பேசுவாள், கருவாட்டோடு பேசுவாள், தூங்கும்போதும் பேசுவாள். நிலம் ஆடினால் ஊரே மூன்று தரம் கத்தும், அவள் முப்பது தரம் கத்துவாள்.

"போதும்டீ, அவனுக்குக் காது செவிடாயிரும்" என்பாள் கொழுந்தாயி.

"அவன் பெரிய ஆளும்மா. காது ரொம்ப தூரத்துல இருக்கும். அதான்."

இப்படி இருக்கையில், அந்தத் தீவின் ராஜா மகரபூபதி தன் மகளுக்கு அக்கரையில் மாப்பிள்ளை பார்த்தான். பெரிய ராஜ்ஜியம், பெரிய இடம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண் பார்க்கக் கப்பலேறி வந்தார். இலை போட்டார்கள். சோறு வந்தது, குழம்பு வந்தது, பாயசம் வந்தது. பாயசத்தில் அவர் கையை வைக்கிறார், நிலம் லேசாக ஆடிற்று. பாயசம் இலையை விட்டு ஓடியது.

"என்ன சம்பந்தி, தரை நகருது?"

"ஒண்ணுமில்ல. வெளியே யானை நடக்குது."

"தீவுல ஏது யானை?"

ராஜா பதில் தேடுவதற்குள் ஊர் முழுக்க, "இருக்கோம்! இருக்கோம்! இருக்கோம்!" பாயசம் ஊற்றியவனும் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இருக்கோம்!"

தாய்மாமன் மிரண்டுபோனார். "யாருப்பா கேட்டா உங்கள, இருக்கீங்களான்னு?"

"கீழ இருக்கறவன், சாமி. சொல்லலேன்னா போட்டுருவான்" என்றான் கரண்டி பிடித்தவன்.

"எதைப் போட்டுருவான்?"

"நம்மள எல்லாரையும்தான்."

அவர் கைகூடக் கழுவவில்லை. அந்தப் பாயசக் கையோடு போய்க் கப்பலில் ஏறிவிட்டார்.

சிரித்தது போதும். இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை.

ராஜாவுக்கு ஆத்திரம். நிலத்தின் மேல் இல்லை, ஜனங்களின் மேல். மறுநாளே தண்டோரா போட்டான். இன்று முதல் இந்தத் தீவுக்குப் பேர் அசையாத் தீவு. இங்கே நிலம் ஆடாது. ஆடினாலும் ஆடவில்லை. மீறி எவனாவது இருக்கேன் என்று கத்தினால், அந்த நிமிஷத்திலிருந்து அவன் இல்லாதவன். இல்லாதவனை யாரும் பார்க்கக் கூடாது, அவனோடு பேசக் கூடாது, அவனுக்குச் சோறு தண்ணி கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவனும் இல்லாதவன்.

அடுத்த முறை நிலம் ஆடியபோது உப்புக்காரச் சடையன் பழக்க தோஷத்தில் கத்தினான். இல்லாதவன் ஆனான். ஊர் ஊராக, இல்லை, ஒரே ஊர்தான், தெருத் தெருவாக அலைந்து செத்தான். அதற்கு அடுத்த முறை தென்னையிலிருந்து ஒருத்தன் கத்தினான். அவனும் அப்படியே. மூன்றாவதாகக் கத்தினவன் கொழுந்தாயியின் கூடப்பிறந்த அண்ணன் மாசானம்.

மாசானம் தங்கச்சி வீட்டு வாசலில் வந்து நின்றான். உதடு வெடித்திருந்தது.

"தங்கச்சி, ஒரு வாய் தண்ணி குடு தாயி."

எதிரே வேப்ப மரத்தடியில் காவல்காரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொழுந்தாயி கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். மறுபடியும் திருப்பிப் போட்டாள்.

"அம்மா, மாமா நிக்கிறாரு" என்றாள் பேச்சி.

"யாரும் நிக்கல."

"அந்தா நிக்கிறாரும்மா! மாமா, உள்ள வாங்க!"

"யாரும் இல்லைன்னு சொல்றேன்ல!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழுதது. மாசானம், "அடிக்காதே, நான் போறேன்" என்றான். போய்க் கட்டுமரத்தில் ஏறினான். துடுப்புக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

கொழுந்தாயிக்கு அன்றிலிருந்து ஒரே பயம். அண்ணன் போய்விட்டான். இந்த வாயாடி என்றைக்காவது கத்திவிட்டால்? பிள்ளையைப் பார்க்காமல், பேசாமல், சோறு போடாமல் ஒரு தாய் எப்படி இருப்பாள்?

காவல்காரர்களும் பிள்ளைகளைத்தான் குறிவைத்தார்கள். பெரியவர்கள் அடங்கிவிட்டார்கள், பிள்ளைகள் உளறும் அல்லவா? முதல் நாள் ஒருத்தன் கருப்பட்டி கொண்டுவந்தான். "பாப்பா, நிலம் ஆடினா என்ன சொல்லணும்? சொல்லு, இது உனக்கு." எதிர்வீட்டுப் பையன் சொல்லிவிட்டான். அடுத்த நாள் ஒருத்தன் கம்பால் தரையை இடித்து, "ஐயோ ஆடுது, ஆடுது" என்று மிரட்டினான். இன்னொரு பிள்ளை சொல்லிவிட்டது. மூன்றாவது நாள் ஒருத்தன் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பொம்பளைக் குரலில், "கண்ணு, அம்மா வந்திருக்கேன், எங்கே இருக்க, சத்தம் குடு" என்றான். ஒரு பெண் குழந்தை, "இருக்கேம்மா" என்றது. அந்தத் தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது என்ன பண்ண.

கொழுந்தாயி கதவைச் சாத்தினாள். மகளை முன்னால் உட்கார வைத்தாள்.

"நிலம் ஆடினா என்ன செய்வே?"

"இருக்கோம்னு..."

பளீரென்று ஒரு அறை. "என்ன செய்வே?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"கையால வாயைப் பொத்திக்க. இப்படி. இன்னும் இறுக்கி. யார் கேட்டாலும் எடுக்கக் கூடாது."

"நீ கேட்டா?"

கொழுந்தாயி யோசித்தாள். வேலிக்குப் பின்னால் வந்த குரலை நினைத்தாள்.

"நான் கேட்டாலும் எடுக்கக் கூடாது. நானே வந்து அம்மாதான்னு சொல்லி அழுதாலும் எடுக்கக் கூடாது. அது நான் இல்ல. புரிஞ்சுதா?"

"நீதான்னு எனக்குத் தெரியுமேம்மா."

"தெரிஞ்சாலும் எடுக்கக் கூடாது! அம்மா மேல சத்தியம் பண்ணு."

பிள்ளை சத்தியம் பண்ணியது. ஊரில் எல்லா வீட்டிலும் அதே பாடம்தான் நடந்தது. சோறு ஊட்டுவது போல ஊட்டினார்கள். நிலம் ஆடியது, ஊரில் ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ராஜாவுக்குச் சந்தோஷம். அசையாத் தீவுக்கு ஏற்ற அரண்மனை வேண்டும் என்று மலையை உடைத்துக் கல் மண்டபம் கட்டினான். "மூங்கில்ல கட்டுங்க ராஜா, கல்லு ஆகாது" என்றான் கொத்தன். "ஏன் ஆகாது?" என்றான் ராஜா. ஏன் என்று சொன்னால் நிலம் ஆடும் என்று சொன்னதாகிவிடும். கொத்தன் தலையைச் சொறிந்துகொண்டு கல்லைத் தூக்கிவைத்தான்.

மறுபடியும் தாய்மாமன் வருகிறார் என்று சேதி வந்தது. கப்பல் தூரத்தில் தெரிந்தது. வரவேற்புக்கு ஊர்ப் பிள்ளைகள் கும்மி அடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி கொடுத்து மண்டபத்துக்குள் அழைத்துப் போனார்கள். தாய்மார்களுக்குக் கருவாட்டு வாடை அடிக்கிறது என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். ராஜாவும் உள்ளே போய்ச் சரியாக அடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே இருந்தவர்களுக்குக் கைத்தாளம் கேட்டது. எல்லாருக்கும் மேலே பேச்சியின் குரல் கேட்டது. கொழுந்தாயி பக்கத்தில் நின்றவளிடம், "என் மவ" என்றாள்.

அப்போது கீழே இருக்கிறவன் தோள் மாற்றினான்.

இதுவரைக்கும் ஆடினது எல்லாம் ஒரு ஆட்டமே இல்லை. தென்னைமரம் குனிந்து தரையைத் தொட்டு நிமிர்ந்தது. நின்றவர் எல்லாம் விழுந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் மேலே எழும்பி வழிந்தது. மூங்கில் வீடுகள் சாய்ந்தன, ஆடின, சில படுத்துக்கொண்டன. கல் மண்டபத்துக்கு ஆடத் தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

தூசி அடங்கிற்று. தூரத்தில் வந்த கப்பல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

தாய்மார்கள் கல்மேட்டில் விழுந்து புரண்டார்கள். "கண்ணு! ராசா! எங்கே இருக்க!" கொழுந்தாயி மேட்டின் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "பேச்சீ! அம்மாடீ முத்துப்பேச்சீ! சத்தம் குடுடீ!"

ஒரு சத்தம் இல்லை.

"அம்மா சொல்றேன்டி! அம்மாதான்டி! கையை எடுடீ! சத்தியம் கித்தியம் ஒண்ணுமில்லடீ, கையை எடுடீ!"

ஒரு முனகல் இல்லை.

அப்போது அந்தப் பக்கத்து மூலையிலிருந்து கனத்த குரலில், "இருக்கேன்! இருக்கேன்! நான் இருக்கேன்!"

ஊர் மொத்தமும் அங்கே ஓடியது. சத்தம் வந்த இடத்தில்தானே தோண்ட முடியும்? ஒருத்தர் இருந்தால் பக்கத்தில் பிள்ளைகளும் இருக்கும் அல்லவா? கொழுந்தாயியும் ஓடினாள். நகம் பிய்ந்தது, பார்க்கவில்லை. கல் கல்லாகப் புரட்டினார்கள். உச்சி வெயில் போய், சாயங்கால வெயில் வந்தது. கடைசியில் ஒரு தூணைப் புரட்டினார்கள். கீழே ராஜா இருந்தான். ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் ஒரு பிள்ளையும் இல்லை.

பிள்ளைகள் எல்லாம் இந்த மூலையில் இருந்தன. கொழுந்தாயி முதலில் ஏறி நின்ற இடத்துக்கு நேர் கீழே. இரண்டு கல்லைத் தள்ளியதும் ஒரு பையன் தெரிந்தான். உயிர் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். தூக்கி மடியில் வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. அப்புறம் கிடைத்தவர்களில் சிலருக்கு உயிர் இருந்தது, பலருக்கு இல்லை. ஒவ்வொரு வாய் மேலும் ஒரு கை.

முத்துப்பேச்சிக்கு உடம்புச் சூடு ஆறவில்லை. கொஞ்சம் முன்னால் தோண்டியிருந்தால். கொழுந்தாயி அந்தக் கையை எடுக்கப் பார்த்தாள். அது வரவில்லை. சொன்ன சொல்லைக் கேட்காத பிள்ளை, அதை மட்டும் கேட்டிருந்தது.

அவள் அழவில்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி" என்றான் ராஜா. ஒரு காவல்காரன் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"தம்பி, யாருக்குத் தண்ணி?" என்றாள் கொழுந்தாயி.

"ராஜாவுக்கு ஆத்தா."

"ராஜா எங்கே?"

"அந்தா... உக்காந்திருக்காரே."

"எனக்கு யாரையும் தெரியல தம்பி. காலையில யாரோ இருக்கேன்னு கத்தினாங்க. ஊரே கேட்டுச்சு. கத்தினவன் இல்லாதவன். என் அண்ணனுக்கு நான் தண்ணி குடுக்கல. நீ யாருக்குக் குடுக்கப் போறே?"

காவல்காரன் நின்றான். அவன் பிள்ளையும் அங்கேதான் துணி போர்த்திக் கிடந்தது. சொம்பைத் தரையில் கவிழ்த்தான்.

"டேய்! சட்டம் என்னோடது! நான் மாத்துறேன்!" என்று ராஜா கத்தினான். இல்லாதவன் எப்படிச் சட்டத்தை மாற்றுவான்? ஒருத்தரும் திரும்பவில்லை.

ஒரு வீட்டு வாசலில் போய் நின்றான். வீட்டுக்காரி முறத்தில் அரிசி புடைத்தாள். இன்னொரு வீட்டு வாசலில் போய் நின்றான். வீட்டுக்காரன் வலை பின்னினான். மந்திரி வீட்டுக்குப் போனான். மந்திரி கதவைச் சாத்திவிட்டு, "காத்து" என்றான். ராஜா கொஞ்ச நாள் கல்மேட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் குரல் கேட்கவில்லை. செத்தானா, கடலில் இறங்கினானா, யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதே.

அதனால் கொழுந்தாயிக்கு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் நிலம் ஆடியது. சட்டம் போட்டவனே இல்லாதவன், ஊர் பழையபடி கத்தியது. கொழுந்தாயி கத்தவில்லை. கருவாட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். சத்தம் வராத வீட்டுக்கு ஊர் ஓடிவந்தது. "இருக்கியா தாயி?" என்று கேட்டது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டில் பிள்ளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் தாய், வேலை அலுப்பில், கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "வாயை..." என்று ஆரம்பித்தவள், வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தாயி நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

கொழுந்தாயி பார்த்தாள், அவ்வளவுதான். அந்தத் தாய் கையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளைகள் இன்னும் பலமாகக் கத்தின. கொழுந்தாயி அன்றைக்குத்தான் அழுதாள்.

அன்றிலிருந்து அந்தத் தீவில் எந்தப் பிள்ளையையும் யாரும் வாயை மூடச் சொல்வதில்லை. எவ்வளவு கத்தினாலும் சரி, தலைவலி வந்தாலும் சரி.

அவர்கள் அங்கே கத்திக்கொண்டிருக்கிறார்கள், நாம் இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறோம். கதை அவ்வளவுதான். போங்கள்.