சுவரில் இருந்த கை

அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் பிரஸ் மெஷின் பூங்காவனத்தின் வலது ஆள்காட்டி விரலைத் துண்டாக்கிவிட்டது. காயம் ஆறியதும் நஷ்டஈடு கேட்டுப் படங்களோடு மேனேஜர் கருணாகரன் முன் நின்றாள். ஜன்னலோரம் வெள்ளைத் துண்டின்மேல் கையை வைக்கச் சொல்லித் தங்கை எடுத்த படங்கள். தையல் தடம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"விரல் இல்லைன்னு தெரியுதும்மா. இங்க சேரும்போது இருந்ததுக்குப் படம் இருக்கா?" என்று சிரித்தார் மேனேஜர். "விரலைப் போய் யாரு போட்டோ எடுத்து வைப்பா?"

"நீங்கதான் சார் வெச்சிருக்கீங்க" என்று இடது கையால் அவர் தலைக்குப் பின்னே காட்டினாள்.

சுவரில் போன மார்ச் மாதத்துப் பாதுகாப்பு தின விழாப் படம். எல்லோரும் வலது கையை முன்னே நீட்டி, விபத்தில்லாமல் வேலை செய்வோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். முன்வரிசையில் பூங்காவனம், ஐந்து விரலோடு. பக்கத்தில் கருணாகரன்.

அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் படத்தை செல்போன்ல எடுத்துக்கவா சார்?"

"அதான் ஒத்துக்கிட்டேனே. இன்னும் எதுக்கு?"

"கேஸுக்கு இல்ல சார். என் கை முழுசா இருக்கற படம் என்கிட்ட வேற இல்ல."