துழாவியின் வாசல்

அந்தக் காலத்தில், இணையம் பிறந்து நாலைந்து வருஷம்கூட ஆகியிருக்காது. இயந்திரங்களும் அவை வளர்த்த சிலந்திகளும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசும். எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வதற்குத் துழாவி என்றொரு இயந்திரம் இருந்தது. விடிந்ததும் அதன் சிலந்திகள் கிளம்பி, இணையத்தில் பக்கம் பக்கமாக ஏறி இறங்கி, கண்டதையெல்லாம் வந்து சொல்லும். துழாவி எதையும் மறக்காது. அதன் வாசலில் எப்போதும் திருவிழாக் கூட்டம்.

கூட்டத்தைப் பார்த்து முதலாளிகளுக்குப் புத்தி கெட்டது. "இத்தனை பேர் வருகிற வாசல் இப்படி மொட்டையாகவா கிடப்பது?" என்றார்கள். ராசிபலன், கிரிக்கெட், நகைக்கடை விளம்பரம் என்று வாசல் நிறையக் கோலம் போடச் சொன்னார்கள். ஆள் போதாமல் சிலந்திகளையும் அந்த வேலையில் இறக்கினார்கள்.

மூத்த சிலந்தி நெடுங்காலுக்கு மனசு கேட்கவில்லை. "நாங்க ஊர் சுத்தலைன்னா உனக்கு எப்படிண்ணே சேதி தெரியும்?" என்று கேட்டது.

"எனக்குத் தெரியாதது என்ன இருக்கு? நீ கோலத்தைப் போடு," என்றது துழாவி.

ஆறு மாதம் ஓடியது. அருப்புக்கோட்டையிலிருந்து செண்பகவல்லி என்ற பெண் வந்தாள். அவள் தம்பி லாரியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்கோ கிடைப்பதற்கரிய ரத்தம். அத்தனை கோலத்துக்கு நடுவே கேட்கும் பெட்டியைக் கண்டுபிடிக்கவே அவள் திண்டாடிப்போனாள்.

"ஐயா, தம்பிக்கு பாம்பே குரூப் ரத்தம் வேணும். யார்கிட்ட இருக்கு?"

"பீட்டர்ராஜ். மெட்ராஸ், பெரம்பூர்," என்றது துழாவி.

அவள் புருஷன் பஸ் ஏறி ஓடினான். பெரம்பூர் வீடு பூட்டிக் கிடந்தது. மறுநாள் அவள் அழுதுகொண்டு வந்து கேட்டபோதும் துழாவி அதையே சொன்னது.

நெடுங்கால் கோலப்பொடியைக் கீழே வைத்தது. "பக்கத்துல புதுசா ஒரு இயந்திரம் வந்திருக்கும்மா. சின்னது. அதோட சிலந்திங்க இன்னும் அலையுதுங்க. அங்க கேளு."

புது இயந்திரம் கேட்ட மாத்திரத்தில் சொன்னது. "பீட்டர்ராஜ் அஞ்சு மாசம் முன்னாடியே உங்க ஊருக்குக் குடிவந்துட்டாரும்மா. இணையத்துல தன்னோட பக்கத்துலயே எழுதி வச்சிருக்காரு. உங்க ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு."

பீட்டர்ராஜ் செருப்புக்கூட மாட்டாமல் ஓடினார். அரை மணி நேரம் பிந்திவிட்டது.

தம்பியின் காரியம் முடிந்து செண்பகவல்லி துழாவியின் வாசலில் வந்து நின்றாள். "பின்தெருவுல இருந்த மனுஷனைத் தேடி எங்களை மெட்ராஸுக்கு ஓட விட்டியே. தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பீட்டர்ராஜ். மெட்ராஸ், பெரம்பூர்," என்றது துழாவி மறுபடியும். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேதி பரவியது, கூட்டம் கரைந்தது. கோலத்தை மிதிக்கக்கூட ஆளில்லாமல் போனதும் முதலாளிகளே அதன் மூச்சை நிறுத்தினார்கள்.

நெடுங்கால் மற்ற சிலந்திகளோடு புது இயந்திரத்திடம் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் கூட்டம் சேர்ந்தது, அங்கேயும் முதலாளிகள் கோலப்பொடியோடு வந்தார்கள். நெடுங்கால் குறுக்கே நின்றது.

"துக்கம் விழுந்த வீட்டு வாசல்ல கோலம் போடுவாங்களாய்யா?"

அவர்கள் கோலப்பொடியோடு திரும்பினார்கள். அன்று முதல்தான் தேடும் பக்கம் ஒரே ஒரு பெட்டியோடு, கோலமில்லாமல் வெள்ளையாகக் கிடக்கிறது, செண்பகவல்லியின் தம்பிக்காக.