பரிவட்டம் கேட்ட பொம்மை மல்லன்

கஞ்சன் அவையில் மலைபோல் நின்ற மல்லர் இருவரைப் பிஞ்சுக் கரத்தால் மாளச் செய்த மாயவன் திருவடியைத் தலைமேற்கொண்டு, போலி மல்லர் எண்மரின் கதையைச் சொல்லத் தொடங்குகிறேன்.

தென்கரை நாட்டை வன்னியமுத்து ராஜா ஆண்டார். கடல் வணிகன் ஒருவன் அவருக்கு ஒரு வீடியோ கேம் பெட்டியைக் காணிக்கையாகத் தந்தான். அரசர் காலத்தில் அது எப்படி வந்தது என்று கேளாதீர்கள். கதை என்றால் அரசர் இருப்பார். அரசர் என்றால் அவர் கையில் வேண்டாத பொருள் ஒன்றும் இருக்கும்.

திரையில் எட்டு மல்லர். இருவர் ஆளுக்கொரு பிடியைக் கையில் எடுத்துப் பொத்தான்களை அழுத்தினால், மல்லர் இருவர் மேடையேறி மோதுவர். ஐந்து பாகங்கள் கொண்ட அந்த ஆட்டத்தை முழுவதும் ஆடி முடித்த மன்னர், எவரிடமும் தோற்றதில்லை. எதிரே அமர்ந்து ஆடியவர் எப்போதும் தளவாய் ஆவுடையப்பரே. படைக்குத் தலைவரான அவர் மூன்றாண்டுகளாக வாளை உறையிலிருந்து எடுக்கவில்லை. பொத்தானிலிருந்து விரலையும் எடுக்கவில்லை.

அவை கூடினால் பேச்செல்லாம் மல்லர் வரிசையைப் பற்றித்தான். எவன் முதல்வன், எவன் கடையன்? வேதம் ஓதியவர்களும் பனிக்காலனின் உதை பெரிதா, சூறைச்சடைச்சியின் சுழற்சி பெரிதா என்று தொண்டை வறள வாதிட்டார்கள். வரி கட்ட வந்த குடியானவர்கள் வாயிலில் வெயிலில் காய்ந்தார்கள்.

அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தேர் வடம் பிடிக்குமுன், அவ்வாண்டு ஊரைக் காத்த ஒருவருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். அவருடைய ஆற்றலை ஊர் தன் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அந்த ஆண்டு மடைக்காரர் சாத்தையாவின் பெயர் முடிவாயிற்று. பெருவெள்ளத்தில் பெரிய ஏரியின் மதகு பெயர்ந்தபோது, விலா எலும்பு முறிந்த நிலையிலும் இரண்டு பகல் நீருக்குள் நின்று அடைத்தவர் அவர்.

தளவாய்க்கு அது பொறுக்கவில்லை. தேருக்கு முதல்நாள் அவையில் எழுந்தார்.

"மன்னா, மடை அடைப்பது மடைக்காரன் வேலை. அதற்கு ஏன் பரிவட்டம்? தாங்கள் விரும்பும் வச்சிரமுட்டியே மல்லர் வரிசையில் முதல்வன். அவன் படத்துக்குப் பரிவட்டம் கட்டுவோம். அது தங்களுக்கே கட்டியது போலாகும்."

மன்னர் உள்ளம் குளிர்ந்தது. "அவையோர் கருத்து என்ன?"

அவையோருக்குக் கருத்து ஏது? தலைகள் ஆடின. ஒரு தலை மட்டும் ஆடவில்லை. அது அவைப்புலவர் குழைக்காதருடையது.

"என்ன, குழைக்காதரே, கழுத்து பிடித்துக்கொண்டதா?" என்றார் தளவாய்.

"இல்லை, தளவாயே. ஆட்டி ஆட்டித் தேய்ந்த கழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னா, கோயில் முறைப்படி ஆற்றலைக் கண்ணால் காண வேண்டும். வச்சிரமுட்டியைத் தளவாய் எடுக்கட்டும். வரிசையில் கடையனான தவளைப்பாய்ச்சலானைத் தாங்கள் எடுங்கள். முதல்வன் வென்றால் பரிவட்டம் அவனுக்கு."

தளவாய் பிடியை எடுத்தார். வென்றால் மன்னரை வென்ற குற்றம். தோற்றால் தாம் சொன்ன வரிசை பொய். இரண்டையும் எடைபோட்டார். பழகிய விரல் பழகியதையே செய்தது. வச்சிரமுட்டி மண்ணைக் கவ்வினான்.

"இன்று அவனுக்கு நாள் சரியில்லை. உண்மையில் பனிக்காலனே முதல்வன்" என்றார் தளவாய்.

"அவனையும் எடுங்கள்" என்றார் குழைக்காதர்.

பனிக்காலன் விழுந்தான். சூறைச்சடைச்சி விழுந்தாள். ஒவ்வொருவர் விழும்போதும் தளவாயின் வரிசை மாறியது. ஏழு பேர் முடிந்தார்கள். எஞ்சியவன் தவளைப்பாய்ச்சலான். இவ்வளவு நேரம் மன்னர் கையில் ஏழு பேரையும் வென்றவன் அவன்.

"இவனே முதல்வன். ஐயமே இல்லை" என்று தளவாய் அவனை எடுத்தார். மன்னர் வச்சிரமுட்டியை எடுத்தார்.

ஆட்டம் தொடங்கியது. அந்நேரம் மன்னருக்கு விக்கல் எடுத்தது. பிடியைக் கீழே வைத்துவிட்டு நீர்ச்செம்பை எடுத்தார். திரையில் வச்சிரமுட்டி மரம்போல் நின்றான். தவளைப்பாய்ச்சலான் சற்று முன்னே வந்தான், திகைத்தான், பின்வாங்கினான், பிறகு தானே ஓடிப்போய் மேடை விளிம்பிலிருந்து குதித்தான்.

மன்னர் வென்றதாகத் திரை அறிவித்தது.

மன்னர் செம்பைப் பார்த்தார். கீழே கிடந்த பிடியைப் பார்த்தார். கடைசியாகத் தளவாயைப் பார்த்தார்.

"மேடை கொஞ்சம் வழுக்கல், மன்னா" என்றார் தளவாய்.

மன்னர் முகம் கறுத்தது. ஐந்து பாகங்களின் வெற்றியும் ஒரே மிடறு நீரில் கரைந்து போயிருந்தது. தாழ்ந்த குரலில் கேட்டார்: "குழைக்காதரே, இப்போது நீர் சொல்லும். முதல்வன் யார்?"

"ஐயமே இல்லாமல் நம் தளவாய்தான், மன்னா. எட்டு மல்லரும் இன்று வீழ்ந்தார்கள். எட்டுப் பேரையும் ஒற்றை ஆளாக வீழ்த்தியவர் அவரே. தாங்கள் கைவைக்கக்கூடத் தேவைப்படவில்லை."

"அப்படியானால் பரிவட்டத்தை அவருக்கே கட்டச் சொல்கிறீரா?"

"அது சிறிய மரியாதை. தம் கையில் கிடைத்த வீரர் ஒருவரையும் மிச்சம் வைக்காத பெருமகனுக்கு ஏற்ற பதவி ஒன்று இருக்கிறது. பகையரசன் படைக்கு இவரைத் தளபதியாக அனுப்பிவையுங்கள். நாம் போருக்கே போக வேண்டாம்."

மன்னர் முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணில் நீர் வந்தது. அது முழுவதும் சிரிப்பின் நீர் அன்று.

மறுநாள் பரிவட்டம் சாத்தையாவின் தலையில் ஏறியது. மன்னர் அவருக்குப் பின்னே நின்று வடம் பிடித்தார். குழைக்காதருக்குப் பொற்கடகம் கிடைத்தது. ஆவுடையப்பர் பகைநாட்டுக்குப் போகவில்லை. பெரிய ஏரியின் மதகில் சாத்தையாவின் கீழ் வேலைக்குப் போனார். வெள்ளம் யாருக்கும் தோற்றுக்கொடுக்காது என்பதை அங்கே கற்றிருப்பார்.

இதைச் செவிமடுத்த உங்கள் இல்லங்களில், முகத்துதிக்காகத் தோற்பவர் குறைந்து, அன்பினால் மறுத்துரைப்பவர் பெருகட்டும். மல்லரை மாய்த்த மாயவன் உங்களை மதகுபோல் காத்து நிற்பானாக.