சரி டீச்சர்

"இன்பராஜுக்கு இன்னும் என்ன குறை டீச்சர்?"

மாசானத்தின் குரல் உயர்ந்துவிட்டது. இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த குரல் அல்லவா! ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வேலைக்குப் பழக்கும் இந்த மையத்துக்கு அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இங்கே அவருக்குக் குரு, அவரைவிடப் பத்து வயது இளைய ஜெபமலர் டீச்சர்.

மேசையில் பேக்கரிக்காரர் அனுப்பிய கடிதம் கிடந்தது. டீச்சர் கையெழுத்துப் போட்டால் நாளைக் காலை இன்பராஜ் வேலையில் சேரலாம். இன்று போடாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும்.

டீச்சர் பேனாவைத் தொடவே இல்லை.

"அவன் என்னவெல்லாம் பழகியிருக்கான், சொல்லுங்க."

"நேரத்துக்கு வாரான். தனியா பஸ் ஏறுதான். கையைக் கடிக்கிறதை விட்டுட்டான். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டான் டீச்சர். இந்த ஒரு வருஷத்துல ஒரு தடவைகூட 'மாட்டேன்'னு சொன்னதில்ல."

சொல்லும்போதே மாசானத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பழக்கியவருக்கு இருக்காதா?

"பேக்கரியில எத்தனை அடுப்பு இருக்கு மாஸ்டர்?"

"நாலு."

எதற்குக் கேட்கிறார் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

டீச்சர் எழுந்து போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார்.

"செருப்பைக் கழத்துங்க. முத்தத்துல போய் நில்லுங்க."

சித்திரை மாதம், பகல் ஒரு மணி. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் காக்கைகூட இறங்கவில்லை.

மாசானம் இறங்கினார். நம் பொறுமையைச் சோதிக்கிறார் போலும் என்று நினைத்தார். உள்ளங்கால் தீய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் டீச்சர்?"



உள்ளே டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த இன்பராஜை டீச்சர் கூப்பிட்டார். இருபது வயது, நெடுநெடுவென்ற உடம்பு.

"நீயும் செருப்பைக் கழத்திட்டு மாஸ்டர் பக்கத்துல போய் நில்லு."

"சரி டீச்சர்."

செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு இறங்கினான். முகம் கோணியது. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கைகள் இரண்டும் விறைப்பாக, மாசானம் பழக்கிய அட்டென்ஷனில் நின்றான்.



"போதும் டீச்சர்! புள்ள கால் வெந்துரும்!"

"நான் இன்னும் போதும்னு சொல்லலையே மாஸ்டர்."

"நீங்க என்ன சொல்றது? முடியாது! நிக்க மாட்டோம்!"

கத்திய பிறகுதான் தன் குரல் என்று தெரிந்தது. மேலே இருப்பவர்களிடம் இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன முதல் 'மாட்டோம்' அது. பையன் பின்னாலேயே வருகிறான் என்ற நினைப்பில் இரண்டே எட்டில் நிழலுக்குத் தாவினார்.

திரும்பிப் பார்த்தார்.

இன்பராஜ் நின்ற இடத்திலேயே நின்றான். டீச்சர் வெறுங்காலோடு ஓடி, வாளித் தண்ணீர் முழுவதையும் அவன் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தார். மாசானம் நிழலிலிருந்து கத்தினார்.

"வர வேண்டியதுதானடா! ஏன் நிக்கே?"

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட கையை எடுக்காமல் பையன் சொன்னான்:

"டீச்சர் இன்னும் வரச் சொல்லலையே மாஸ்டர்."