ஊசிப்பாறையில் இரண்டு நிமிடம்

காலை ஏழு பத்துக்குக் கருங்குளத்தூரில் கிளம்பும் மின்சார ரயில் நகரம் போய்ச் சேர அறுபத்திரண்டு நிமிடம் ஆகும். நடுவழியில் ஊசிப்பாறை என்று ஓர் இடம். அங்கே ஊர் கிடையாது. ஒரு மேடை, ஒரு தகரக் கூரை, ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். அங்கே ரயில் இரண்டு நிமிடம் நிற்கும்.

அந்த இரண்டு நிமிடம் இருதயராஜுக்கு உறுத்தியது.

அவர் முப்பது வருஷம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். ஐம்பத்தாறு வயதில் முழங்கால் தகராறு செய்ய, ரயில்களுக்கு நேரம் குறிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குக் குருவாக வாய்த்தவர் தில்லைக்கரசி. வயது முப்பத்தெட்டு.

தில்லைக்கரசி ஒரு நீளமான தாளில் ஒவ்வொரு ரயிலையும் ஒரு சாய்கோடாக வரைவார். ரயில் ஓடும்போது கோடு சாய்ந்து போகும். நிற்கும்போது கொஞ்ச தூரம் படுத்துக்கொள்ளும். இருதயராஜ் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் அவரை "எல்.கே.ஜி." என்று கூப்பிட்டார்கள். அவரும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பார்.

ஆறு மாதம் கழித்து அவர் கையில் முதல் வேலை வந்தது. ஏழு பத்து ரயிலுக்குப் புது அட்டவணை. வெள்ளிக்கிழமை மதியம் அது அச்சுக்குப் போக வேண்டும். உற்சாகத்தில் இருதயராஜ் நேரே மேலதிகாரியிடம் போய், நகரத்துக்குச் சரியாக ஒரு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். அதையே சுவரொட்டியாக அடிக்கலாம் என்றார்.

எங்கே குறைப்பது என்று இருதயராஜ் தேடவே இல்லை. கோடு ஊசிப்பாறையில்தான் சும்மா படுத்திருந்தது.

திங்கட்கிழமை அவர் குருவிடம் கேட்டார்.

"மேடம், ஊசிப்பாறையில் வண்டி ஏன் நிக்குது?"

தில்லைக்கரசி எழுந்தார். அலமாரியிலிருந்து மூன்று பழைய அட்டவணைகளை எடுத்துத் தூசி தட்டி அவர் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றிலும் நிறுத்தத்துக்கு எதிரே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

முதலாவது கரி வண்டிக் காலத்தது. ஊசிப்பாறையில் பன்னிரண்டு நிமிடம். காரணம்: இன்ஜினுக்குத் தண்ணீர். அடுத்தது டீசல் வந்த பிறகு போட்டது. அப்போது ஒரே தண்டவாளம், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ஏழு நிமிடம். காரணம்: எதிர் வண்டி. மூன்றாவது இப்போதையது. இரட்டைப் பாதை, மின்சாரம். தண்ணீரும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். இரண்டு நிமிடம். காரணம் எழுதும் கட்டம் காலியாகக் கிடந்தது.

இருதயராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"காரணம் போயிடுச்சு மேடம். நிறுத்தம் மட்டும் போக மறந்துடுச்சு."

அங்கே ஏறுகிறவர், இறங்குகிறவர் யாருமில்லை என்பதையும் விசாரித்து வைத்திருந்தார். தில்லைக்கரசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு அந்த வண்டியில போயிட்டு வாங்களேன் சார்," என்றார்.

செவ்வாய்க்கிழமை இருதயராஜ் ஆறரைக்கே கருங்குளத்தூர் போய், காலி ரயிலில் ஏறி, ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தார். ஏழு மணிக்குள் பெட்டி பிதுங்கியது. பஞ்சாலைக்காரர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், பூக்கூடைகள், சாப்பாட்டுப் பைகள். ஊசிப்பாறையில் ரயில் நின்றதும் அவர் தலையை வெளியே நீட்டி மேடையை முன்னும் பின்னும் பார்த்தார். ஒருவரும் ஏறவில்லை. ஒருவரும் இறங்கவில்லை. உள்ளே என்னவோ சலசலப்பு, யாரோ எழுந்தார்கள், யாரோ உட்கார்ந்தார்கள். அவர் பக்கத்தில் இடுப்புக்குப் பட்டை கட்டிய ஒருவர் கம்பியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "சார் பட்டா வாங்கிட்டாரு போல," என்றது. பெட்டியே சிரித்தது. என்னவென்று புரியாமல் இருதயராஜும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

அலுவலகம் வந்து, மேடையில் ஈ காக்கை இல்லை என்று சொன்னார். சனங்களுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியவில்லை என்று ஒரு குறையும் சொன்னார்.

"நீங்க உக்காந்தா போனீங்க?"

"கடைசி வரைக்கும் மேடம். அரை மணி முன்னாடியே போய்ப் பிடிச்சிட்டேன்ல."

தில்லைக்கரசி டிபன் டப்பாவை மூடினார்.

"நாளைக்கு வண்டி கிளம்ப ரெண்டு நிமிஷம் இருக்கும்போது ஸ்டேஷனுக்குள்ள போங்க சார். அதுக்கு முன்னாடி வேண்டாம்."

புதன்கிழமை இருதயராஜ் ஓடி வந்து கடைசி ஆளாகத் தொற்றினார். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் தனக்கென்று ஓர் இருக்கையும் தண்ணீர்ச் சட்டியுமாக முப்பது வருஷம் ராஜா மாதிரி போனவர் அவர். கூட்டத்தில் நின்று போனது இதுதான் முதல்முறை. பத்து நிமிடத்தில் முழங்கால் குத்தியது. இருபது நிமிடத்தில் இடுப்பு வரை ஏறியது. பிடிக்க வளையமும் கிடைக்கவில்லை. யாரோ ஒருவரின் தோளில் சாய்ந்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி சாய்ந்து, இப்படியே அரை மணி நேரம்.

ஊசிப்பாறை வந்தது. ரயில் நின்றது.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜன்னலோரத்துக்காரர் பையை மேலே மாட்டினார், நின்றவர் உள்ளே நகர்ந்தார், குழந்தை ஒன்று தலைக்கு மேலே கைமாறிப் போனது. பஞ்சாலைச் சட்டை போட்ட ஒரு பெண் எழுந்து இருதயராஜின் முழங்கையைத் தொட்டாள். வள்ளிமயில் என்று அவள் சட்டையில் தைத்திருந்தது.

"உக்காருங்கண்ணே. இனிமே உங்க பாதி."

அவர் உட்கார்ந்தார். பலகை இன்னும் சூடாக இருந்தது. ரயில் கிளம்பியது. வள்ளிமயில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யப் போகிறவள் என்பது பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. மற்ற இடத்தில் மாறிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். ஓடுகிற வண்டியில் மாறினால் கூடையும் குழந்தையும் ஆள் மேல் விழும் என்றாள். மற்ற ஸ்டேஷன்களில் ஏறுகிற கூட்டத்தில் எழுந்தவன் இடம் எவனுக்கோ போய்விடுமாம். இங்கேதான் யாரும் ஏறமாட்டார்கள். அவள் மாமியார் நாளில் வண்டி ரொம்ப நேரம் நிற்குமாம், இறங்கி முகம் கழுவிச் சோறு தின்பார்களாம். அப்போது கூட்டமில்லை, எல்லோருக்கும் இடம் இருந்தது. கரண்டு வண்டி வந்து கூட்டம் கூடிய பிறகு, யார் ஆரம்பித்தார்களோ, இந்தப் பாதிப் பாதி வந்துவிட்டது.

"நேத்து ஒரு பெரிய மனுசன் கடைசி வரைக்கும் எந்திரிக்கல," என்றாள். "இடுப்புப் பட்டைக்காரர் நகரம் வரைக்கும் நின்னாரு."

இருதயராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் ரப்பரை எடுத்து, நேராக வரைந்து வைத்திருந்த கோட்டை அழித்தார். ஊசிப்பாறையில் அது மறுபடியும் இரண்டு நிமிடம் படுத்தது. நகரம் போய்ச் சேர அறுபத்திரண்டு. பிறகு மேலதிகாரிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் குரல் ஏறியது. சுவரொட்டி என்ன ஆவது, வாக்குக் கொடுத்தது யார், இந்த வேலை முடியாதென்றால் முடிகிற ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றெல்லாம் கேட்டது. கடைசியில், நாளை மதியத்துக்குள் அந்தக் காலிக் கட்டத்தில் நம்புகிற மாதிரி ஒரு காரணம் இருந்தால் இரண்டு நிமிடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் நானே அதை வெட்டிவிடுவேன் என்று போனை வைத்துவிட்டது.

இருதயராஜ் பென்சிலை எடுத்தார். தண்ணீர் என்றோ எதிர் வண்டி என்றோ எழுதியிருந்தால் வேலை சுலபம். வெகுநேரம் யோசித்து, 'பயணிகள் இடம் மாறிக்கொள்ள' என்று எழுதி, தாளைக் குருவின் முன்னால் வைத்தார்.

தில்லைக்கரசி படித்தார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.

இருதயராஜ் தாளை எடுக்காமல் அங்கேயே நின்றார்.

"மேடம், இதைப் படிச்சா அவர் சிரிப்பார். முப்பது வருஷ சர்வீஸ்ல கார்லயே போறவர். நான் என்ன சொல்லி நம்ப வைக்கிறது?"

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் சார். நாளைக்குக் காலையில ஏழு பத்துக்கு அவருக்கு ஒரு டிக்கெட் எடுங்க."

தில்லைக்கரசி அடுத்த தாளை விரித்து, அளவுகோலை வைத்தார்.

"இடம் மட்டும் போட்டு வைக்காதீங்க."