கவிழ்த்துப் பார்த்த காசு

கடல் இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஒரு காதம் தள்ளி இருந்த காலத்தில், புன்னைத்துறை என்ற பட்டினத்தை அரிமருதன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் தன் முகத்தின் மேல் அவனுக்குப் பிரியம் கொஞ்சம் அதிகம். அரசனாயிற்றே, இருந்துவிட்டுப் போகட்டும்.

அவன் அடித்த பொற்காசில் ஒரு பக்கம் அவன் முகம். மறுபக்கம் ஒரு படகு, அதில் துடுப்புப் போடும் மூன்று பேர். அரசன் முகம் எப்போதும் வானத்தைப் பார்த்தே இருக்க வேண்டும், கவிழ்த்து வைத்தால் கையை வெட்டுவோம் என்று சட்டம். கடையில் வைத்தாலும் முகம் மேலே. பெட்டியில் அடுக்கினாலும் முகம் மேலே. கல்மேடையில் தள்ளினாலும் முகம் மேலே.

அந்த ஊரில் எட்டியப்பர் என்று ஒரு நோட்டக்காரர் இருந்தார். காசைப் பார்த்து முதல் தரமா, இரண்டாம் தரமா, மூன்றாம் தரமா என்று சொல்வது அவர் தொழில். அதற்கு ஒரு பழைய முறை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் முகத்தைப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். பிறகு முதுகை, அதாவது படகுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். முதுகு நன்றாக இருந்தால் தரம் ஏறாது. கெட்டிருந்தால் ஒரு தரம் இறங்கும்.

ஆனால் சட்டம் வந்தபிறகு முதுகை யார் பார்ப்பது? தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தால் நிழலில் ஒன்றும் தெரியாது. வெயிலில் கருங்கல் மேல் கவிழ்த்தால்தான் தெரியும். கை யாருக்குத்தான் வேண்டாம்? முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டு நோட்டக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். எட்டியப்பரும் போனார். அந்த வெட்கம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள், அந்த ஊர்க் கப்பல்கள் வியாபாரத்துக்குப் போகும் தீவின் அரசனிடமிருந்து ஓலை வந்தது. "உங்கள் காசில் முதல் தரமான ஒன்றைத் தேர்ந்து அனுப்புங்கள். இனி அதை வைத்துத்தான் வியாபாரம். சொன்ன தரம் பொய்யானால் உங்கள் கப்பல் ஒன்றுகூட எங்கள் கரைக்கு வரக்கூடாது."

காசைத் தேர நோட்டக்காரர்களை அரசன் வரச் சொன்னான். அந்தப் பட்டினமே கப்பலை நம்பிப் பிழைப்பது. அரண்மனைக்குப் புறப்படும்போது எட்டியப்பர், "இன்று கவிழ்க்காமல் முடியாது" என்று மனைவி நங்கையாளிடம் சொன்னார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கை இல்லாமல் வந்தால் நான் சோறு ஊட்டிவிடுகிறேன். பொய் சொல்லிவிட்டு வந்தால் இலையில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவேன்."

சபை முற்றத்தில் வெயில் காய்ந்தது. ஒரு கருங்கல், பக்கத்தில் ஒரு தட்டு நிறையக் காசு. அதிலிருந்து ஒன்றை அரசனே எடுத்துக் கல்லின் மேல் வைத்தான். முதல் நோட்டக்காரர் முகத்தைப் பார்த்து, "முதல் தரம்" என்றார். இரண்டாமவர் முகத்தைப் பார்த்து, "முதல் தரம்" என்றார். மூன்றாவதாக எட்டியப்பர் வந்தார். காசைக் கையில் எடுத்தார். கவிழ்த்து வைத்தார்.

வாள்காரன் வந்து பக்கத்தில் நின்றான்.

"முகம் எப்படி?" என்று கோபமாகக் கேட்டான் அரசன்.

"முதல் தரம்."

"முதுகு?"

"மூன்றாம் தரம்."

"காசு?"

"இரண்டாம் தரம், அரசே. அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வராது."

"எவன் சுரண்டினான் என் காசை?"

"யாரும் சுரண்டவில்லை. முகம் மேலேயே இருக்க வேண்டும் என்றீர்கள். அதனால் எந்நேரமும் கல்லில் உரசியது இந்தப் பக்கம்தான். உங்கள் முகம் மினுமினுக்க, துடுப்புப் போடுகிறவர்கள் தேய்ந்துபோனார்கள்." இதைச் சொல்லிவிட்டு எட்டியப்பர் வலது கையைக் கல்லின் மேல் நீட்டினார்.

அரசன் கல்லின் பக்கம் வந்தான். தட்டிலிருந்து ஒரு காசை எடுத்துத் தானே கவிழ்த்தான். படகில் இரண்டு பேர் இருந்தார்கள். இன்னொன்றைக் கவிழ்த்தான். ஒருவன் இருந்தான். மூன்றாவதைக் கவிழ்த்தான். படகு மட்டும் இருந்தது, ஆளே இல்லை.

அரசன் அந்த வெறும் படகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு எட்டியப்பர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான்.

"அவர் கவிழ்த்தது ஒன்று, நான் கவிழ்த்தது மூன்று" என்றான் வாள்காரனிடம். "வெட்டுவதானால் என் கையில் தொடங்கு."

வாள்காரன் வாளைத் தரையில் போட்டுவிட்டு அழுதான். சட்டம் அன்றோடு ஒழிந்தது. இரண்டாம் தரம் என்று எழுதிய ஓலையோடு அந்தக் காசே கப்பலேறியது. தீவு அரசன் அதை இருபுறமும் பார்த்தான், ஓலையையும் பார்த்தான், சொன்ன தரம் பொய்யில்லை என்று கண்டு துறையைத் திறந்துவிடச் சொன்னான்.

காட்டும் பக்கம் எவ்வளவு மின்னினாலும், காட்டாத பக்கத்தையும் பார்த்த பிறகே எதற்கும், எவருக்கும் தரம் சொல்ல வேண்டும்.