ஏற்புத்திறன்

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே குரு அரசியம்மாவுக்கு நாற்பது வயதுதான். சீடர் தெய்வசிகாமணிக்குத் தலை முழுக்க வெள்ளை. ஓய்வுபெற்ற பிசிக்ஸ் வாத்தியார். மனைவி இறந்த துக்கத்தில் வந்து ஒதுங்கியவர்.

அன்று காலை பையும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சோறு போட்டீங்க, இடம் கொடுத்தீங்க. ரொம்ப நன்றிம்மா. பஸ் வர நேரமாச்சு, கிளம்பறேன்."

"என்ன குறை?"

"குறை என்கிட்டதான். நேத்து வந்த பரிமளா, நீங்க ரெண்டு வார்த்தை பேசினாலே உருகி அழறா. நானும் வருஷக்கணக்கா கேக்கறேன். மரக்கட்டையாட்டம் உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் ஏறலை."

பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

அம்மா ஓர் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டார். இன்னொன்றில் அதே எடைக்குத் தண்ணீர் வைத்தார். இரண்டிலும் ஒரே தீ. சற்று நேரத்தில் இரண்டையும் அணைத்தார். கல்லில் நீர் தெளித்தால் சுர்ரென்றது. தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"ரெண்டுல எதுக்கு அதிக சூடு கொடுத்தேன், வாத்தியாரே?"

"ரெண்டுக்கும் ஒரே வெப்பம்தான்." அவருக்குள் இருந்த வாத்தியார் முழித்துக்கொண்டார். "தண்ணி பத்து டிகிரி ஏறுற வெப்பத்துல இரும்பு தொண்ணூறுக்கு மேலயே ஏறிடும். நிறையாலயும் தன் வெப்ப ஏற்புத்திறனாலயும் வகுத்தா கணக்கு வந்துடும்."

"என்ன திறன்?"

"ஏற்புத்திறன். தண்ணிக்கு அது ஜாஸ்தி. கொடுக்கறதையெல்லாம் வாங்கி வச்சுக்கும், வெளியில அவ்வளவா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"வெப்பமும் வெப்பநிலையும் ஒண்ணுன்னு எழுதற பசங்களை என்ன செய்வீங்க?"

"பெஞ்சு மேல ஏத்துவேன்."

"அப்போ ஏறுங்க."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

"தோட்டக்கார வெள்ளைச்சாமி சாகக் கிடந்தப்ப," என்றார் அம்மா, "நாங்கல்லாம் அழுது முடிச்சுப் படுக்கப் போயிட்டோம். கடைசி வரைக்கும் அவன் பிடிச்சிருந்தது உங்க கையைத்தான். 'வாத்தியார் கை கதகதன்னு இருக்கு'ன்னு சம்சாரத்துக்கிட்ட சொன்னானாம். நன்றி நான்தான் சொல்லணும்."

வாத்தியார் பையைக் கீழே வைத்தார். அடுப்பில் இருந்த தண்ணீரில் கை வைத்துப் பார்த்தார். இன்னும் கதகதப்பாகவே இருந்தது.